கம்பளிக்குள் வெந்த சோறு

எத்தனை பேர் நடுவிலும் என் குரலைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிற என் அம்மாவுக்கு,

மழை இன்னும் விடவில்லை அம்மா. லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர்க் கான் நிரம்பி வாசல்வரை சேறு. நீ நட்ட கறிவேப்பிலைச் செடி மட்டும் அசையாமல் நிற்கிறது. இப்போது அது என் உயரம். நான் என்ன உயரம் என்று உனக்குத் தெரியுமா?

உனக்குக் கடிதம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ இருந்தபோதே நான் அதிகம் பேசியதில்லை. "வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாடி?" என்று நீ கேட்பாய். அதற்கும் நான் சிரிப்பேனே தவிரப் பதில் சொல்லமாட்டேன். இப்போது சொல்வதற்கு எவ்வளவோ சேர்ந்துபோய்க் கிடக்கிறது. கேட்கத்தான் நீ இல்லை.

உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்கு நினைவில் இருக்கிறது. மாமா ஊரிலிருந்து போடுகிற கடிதத்தை நான்தான் உனக்குப் படித்துக் காட்டுவேன். நீ அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பாய். "அந்த எடத்த இன்னொருக்காப் படி" என்பாய். இந்தக் கடிதத்தை உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்?

அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். குருவிட்டைக் கடையில் சீனி கட்டிக் கொடுத்த தாளில், ஒருவர் செத்துப்போன தன் சிநேகிதருக்கு எழுதிய கடிதம் அச்சாகியிருந்தது. பாதிதான் இருந்தது, மீதி கிழிந்துவிட்டது. அப்படி எழுதலாமா, அதை அனுப்ப முடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் கடைக்கார நானாவிடம் கேட்டார். "எழுதித் தரச் சொல்லுங்க. கொழும்புக்கு லொறி போற நேரம் நான் குடுத்து அனுப்புறேன். போடுறதும் போடாததும் அவங்க பாடு" என்றாராம் அவர். அப்படிப் போட்டால், எங்காவது யாராவது ஒருவர் இதை வாய்விட்டுப் படிப்பார். அது உன் காதில் விழாதா?

தீபாவளி வந்து போய்விட்டது அம்மா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன தீபாவளிக்கு நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அந்தக் காய்ச்சலில் நீ போய் வருஷம் திரும்பியிருக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்றார்கள். பக்கத்துக் காம்பரா ராக்கம்மா அக்கா, முறுக்கும் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பேசாமல் போய்விட்டார். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். தங்கச்சி செவந்திக்கு அப்போது விவரம் தெரியாது. முறுக்கை விரலில் மாட்டிக்கொண்டு விளையாடினாள்.

இந்த வருஷம் நாமே ஆக்க வேண்டும். நாமே என்றால் நான்தான்.

உன் தீபாவளிகளை நான் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன், தெரியுமா? ஒரே அடுப்பு. ஒரு கட்டு விறகு. அதில் எண்ணெய் முழுக்குக்கு வெந்நீர், சோறு, பருப்பு, கறி, வடை எல்லாம் ஆக வேண்டும். ஐப்பசி மழையில் விறகுக்கு எங்கே போவது? அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து கொண்டுவருகிற மிலாற்றுக் குச்சிகளை நீ ஆடியிலிருந்தே அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவாய். புகையில் கறுத்துக் காய்ந்து கிடக்கும் அந்தக் கட்டைத் தீபாவளிக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது.

நீ பச்சைத் தண்ணீரில் உலை வைத்ததே இல்லை. குளிக்க வைத்த வெந்நீரில் மிச்சத்தை ஊற்றித்தான் அரிசி போடுவாய். அடுப்பின் மேல் ஒரு பானை இறங்கும்போது அடுத்தது கையில் காத்திருக்கும். சும்மா எரிகிற நெருப்பைக் கண்டால் உனக்குப் பொறுக்காது. "யாரு வீட்டு வெறகு இது?" என்று நெருப்பிடமே கேட்பாய்.

பிறகு அந்தக் கூடை. ஓரம் பிய்ந்துபோய் மலைக்கு உதவாத உன் பழைய கொழுந்துக் கூடைக்குள், காய்ந்த மானாப்புல்லை நெருக்கி அடைப்பாய். சோற்றுப் பானை நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் மூடியை மாவால் ஒட்டி இறக்கிவிடுவாய். அடிக்கரி ஒட்டாமல் இருக்க வாழைச்சருகைச் சுற்றி, அதன்மேல் உன் கம்பளியைப் போர்த்திக் கூடைக்குள் இறக்கி, மேலேயும் புல்லைத் திணிப்பாய். அவ்வளவுதான். அரைவேக்காட்டுச் சோறு நெருப்பே இல்லாமல் தானாக வெந்துகொண்டிருக்கும். அடுப்பு கறிக்கு ஒழிந்துவிடும்.

மலைக்குப் போகிற நாளெல்லாம் அந்தக் கம்பளி உன் தலையில் இருக்கும். லீவு விட்டு மலை மூடுகிற நாளில்தான் பானைக்குக் கிடைக்கும். அதனால்தானே அது பண்டிகைச் சோறு? "எப்ப வேகும்?" என்று நான் கூடையைத் தொட்டால் உன் கை வந்து விழும். "தொறந்து தொறந்து பாத்தா சூடு ஓடிரும்டி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பண்டிகை முடிந்து மலைக்குப் போனால் உன் கம்பளியில் சோற்று வாசம் அடிக்கும். கொழுந்து நிரையில் நிற்கிறவர்கள், "என்னடி, ஒலப் பானையத் தலையில கவுத்துக்கிட்டு வந்திட்டியா?" என்று கேலி செய்வார்கள் என்று நீயே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

நீ போன பிறகு உன் சேலைகளை எல்லாம் அத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதுதான் முறை என்றார். கம்பளியை மட்டும் நான் விடவில்லை. வாய் திறந்து கேட்கவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும்க்கா" என்றார்.

அதை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். தேங்காய் எண்ணெயும் வெற்றிலையும் கொழுந்துக் கறையும் கலந்த உன் தலை வாசம் அதில் அப்படியே இருந்தது. போர்த்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடனே மூடிவிடுவேன். திறந்து திறந்து பார்த்தால் ஓடிவிடும் என்று நீதானே சொல்வாய்?

பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை அம்மா. காலையில் செவந்தியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறேன், சாயங்காலம் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறேன். இருட்டு வருவதற்குள் விறகு பொறுக்கி, ஊதி, ஏதாவது ஆக்கிவிடப் பார்க்கிறேன். மழை நாளில்தான் தோற்றுப்போகிறேன். புகைதான் வரும், நெருப்பு வராது.

அப்படி ஒரு நாளில்தான் அத்தை வந்தார். ஆடிக் கடைசியில் ஓப்பநாயக்கவிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல். நான் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தேன். செவந்தி பசி தாங்காமல் பச்சை மரவள்ளிக் கிழங்கைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அத்தை அதைப் பிடுங்கிப் போட்டார். "ஏம்மா காமாச்சி, தோட்டத்துல பன்னி திங்கிறத புள்ள திங்குது. நீ என்னா பாத்துக்கிட்டு இருக்கே?"

நான் ஊதுகுழலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பேச்சு வருமா?

அப்பா வேலை முடிந்து வந்ததும் அத்தை விடவில்லை. "தம்பி, நான் குத்தமாச் சொல்லல. மூத்தவளே ஒரு புள்ளதான். அவ மலைக்கும் போயி, அடுப்பும் பாத்து, தங்கச்சியையும் வளக்க முடியுமா? எனக்குத்தான் ஆண்டவன் ஒண்ணும் குடுக்கல. சின்னவள எங்கிட்டக் குடு. கண்ணாட்டம் வச்சிக்கிறேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தீவாளி போகட்டும்க்கா" என்றார்.

"சரி, தீவாளிக்கே வாரேன். நல்ல நாளன்னிக்கும் இந்த வீட்டு அடுப்பு இப்படித்தான் கெடந்துச்சின்னா, செவந்திய கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்ப நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

அப்பா தலையை ஆட்டினார் அம்மா. நான் பார்த்தேன்.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செவந்தியின் தலையை வாரிவிட்டபோது, சிக்கெடுத்த பிறகும் வெகுநேரம் சீப்பை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் செவந்தி போய்விட்டால் சாயங்காலம் நான் யாருக்காக ஓடி வருவேன்? நீ போன மறுநாள் அவள் என் பாவாடையைப் பிடித்தவள், இன்னும் விடவில்லை. தூங்கும்போதும் ஒரு முனை அவள் கையில் இருக்கும்.

அன்றிலிருந்து பரணில் மிலாறு அடுக்க ஆரம்பித்தேன். ஆனால் புரட்டாசியில் காற்று கூரைத் தகரத்தைக் கிளப்பிவிட்டது. அதை அடித்துச் சரிசெய்வதற்குள் பரண் நனைந்து, பாதிக்கு மேல் ஊறிப்போயிற்று. அப்புறம் வெயிலே இல்லை. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து விறகு கொண்டுவருகிற மெனிக்கே அம்மாகூட வெறுங்கையோடு வந்து, "தர தெமிலா, நங்கி" என்று கையை விரித்தார். விறகெல்லாம் நனைந்துவிட்டதாம். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மறுநாள் அவர் வீட்டு அட்டாலிப் பரணில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "மே கன்ன", இதை எடுத்துக்கொள் என்று இறக்கி வைத்தார். சிரட்டை நன்றாக எரியும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முறுக்கை ராக்கம்மா அக்கா வீட்டிலேயே சேர்ந்து சுட்டோம். அவர் சட்டி, இரண்டு வீட்டு விறகு. அதோடு என்னிடம் மிஞ்சியது காய்ந்த மிலாறு கொஞ்சமும் அந்தச் சிரட்டைகளும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெந்நீருக்கும் கறிக்கும் வடைக்கும் போதும். சோற்றுக்குப் போதாது. சோறு கூடைக்குத்தான் போக வேண்டும்.

தீபாவளிக்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை செய்து பார்த்தேன். கம்பளியை எடுக்கவில்லை. சாக்குகளைச் சுற்றினேன். உன்னைப்போலவே மாவு ஒட்டினேன், உன்னைப்போலவே புல் அடைத்தேன். நடுவில் திறந்தும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு எடுத்தபோது பானை கையைச் சுடவே இல்லை. சோறு நடுவில் கல் மாதிரி இருந்தது. வீட்டில் இருந்த சாக்கெல்லாம் மழை ஈரத்தைக் குடித்திருந்தது. பானைச் சூட்டை அது தின்றுவிட்டது.

அப்பா தட்டில் இருந்ததை மென்று விழுங்கினார். "பரவால்ல" என்றார். செவந்தி மட்டும், "அக்கா, சோறு கடிக்குது" என்றாள்.

அப்பாவுடைய கம்பளி எப்போதும் நனைந்து கொடியில் தொங்குகிறது. தோட்டத்தில் எனக்கு இன்னும் கம்பளி தரவில்லை, சாக்கைத்தான் தலையில் போட்டுக்கொண்டு போகிறேன். இந்த வீட்டில் ஈரம் படாமல் இருந்தது ஒன்றுதான் அம்மா. அது பெட்டிக்குள் இருந்தது.

ஆவி பட்டால் உன் வாசம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தீபாவளி வரைக்கும் இருந்த நாலு நாளும் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டே உன்னிடம் கேட்டேன். என்ன செய்யட்டும்? நீ ஒன்றுமே சொல்லவில்லை. கங்காணிதான், "ஏ புள்ள, ஒனக்கு மட்டும் கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?" என்று கத்தினார்.

தீபாவளிக் காலையில் அடுப்பை மூட்டினேன். புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெந்நீர் வைத்தேன். அப்பாவுக்கும் செவந்திக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கொடுத்து, நானும் ஊற்றிக்கொண்டேன். மிச்ச வெந்நீரில் உலை. அரிசிக்கு மேல் தண்ணீர் விரல் கணு வரை நிற்கிறதா என்று பார்த்தேன். பானை தளதளவென்று கொதித்தது. இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை மூடியை முழுவதும் தூக்கினேன். கம்பளியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு போதாமல் இன்னொன்றும் இழுத்தேன். செவந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன்க்கா அழுற?" என்றாள். "பொகைடி" என்றேன்.

பானையைக் கம்பளியால் சுற்றிக் கூடைக்குள் இறக்கினேன்.

அப்பா பங்குக் கறிக்குப் போயிருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள், உனக்குத் தெரியாததா. மழையில் அது தாமதமாகிக்கொண்டே போனது. வடை சுட்டு முடித்துவிட்டேன். அடுப்பு சும்மா எரிந்தது. கறி வருவதற்குள் சிரட்டை தீர்ந்துவிட்டால்? நெருப்பைக் கலைத்து, எரிகிற சிரட்டைகளைச் சாம்பலுக்குள் புதைத்து அணைத்துவிட்டேன். கறி வந்ததும் மறுபடி மூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீயாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பாய்?

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார்.

குடையை மடக்கிக்கொண்டே இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினார். கையில் ஒரு காலிப் பை. அது எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. செவந்தியின் துணிகளுக்கு. பார்த்த முதல் பார்வையே அடுப்பில்தான் விழுந்தது. சாம்பல், அதன்மேல் ஒன்றுமில்லை.

"அடிப்பாவி! ஊரு ஒலகமெல்லாம் பொகையுது. நல்ல நாளும் அதுவுமா இந்த வீட்டு அடுப்புல பூன படுத்துக்கெடக்குதே! சோறு எங்க?"

நான் கூடையைப் பார்த்தேன்.

"என்னா கூடையப் பாக்குறே? கொழுந்தையா திங்கச் சொல்றே?"

ராக்கம்மா அக்கா தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "சோறு கூடைக்குள்ளதான் வேகுது மதினி. அவ அம்மா வைக்கிற மாதிரி."

"அவ அம்மாக்காரி வச்சா, வெந்துச்சு. இவ போன வாரம் வச்சது கல்லாட்டம் இருந்துச்சுன்னு வழியில கடையிலயே சொல்லிச் சிரிக்கிறாங்களே! செவந்தி, வா, நீ வந்து அத்த மடியில ஒக்காரு. நான் பாக்குறேன் என்னா வெந்திருக்குன்னு." சொல்லிக்கொண்டே குனிந்து, கூடையின் மேல் புல்லைப் பிடித்து இழுத்தார்.

"தொறக்காதீங்க அத்தை!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. லயத்துக் கோடி வரை கேட்டிருக்கும். ராக்கம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை புல்லும் கையுமாக அப்படியே நின்றார். நான் போய்க் கூடையைக் கட்டிக்கொண்டேன். "இன்னும் நேரமாகல. தொறந்தா சூடு ஓடிரும். வெந்திரும் அத்தை. கொஞ்சம் பொறுங்க. வேகலன்னா நீங்க சொல்றபடி செய்ங்க."

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் வாழை இலையில் கட்டிய கறி.

"ஒன் மகளுக்கு வாயி இருக்குடா தம்பி" என்றார் அத்தை.

அப்பா உள்ளே வந்தார். கறியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பருகே குந்தி, சாம்பலைக் கிளறிக் கனலை எடுத்து, தானே ஊதினார். நீ போன பிறகு அப்பா அடுப்பில் குந்தியதை அன்றுதான் பார்த்தேன்.

அத்தை கையில் இருந்த புல்லைத் திரும்பக் கூடையின் மேலே திணித்தார். பிறகு பையை மூலையில் வைத்துவிட்டு, அம்மியில் மிளகாயை அரைக்க உட்கார்ந்தார். "நான் வெறுங்கையோட பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார் யாரையும் பார்க்காமல். கறி கொதித்தது. கடைசிச் சிரட்டை எரிந்து முடிகிற நேரத்தில் கறியும் பதமாகிவிட்டது. அதற்குமேல் போட எங்களிடம் ஒரு குச்சியும் இல்லை.

சாமி படத்துக்கு முன்னால் இலை போட்டோம். ஒரு இலை உனக்கு. உனக்கு வாங்கி வைத்த வெற்றிலையும் அதன் பக்கத்தில் இருந்தது. வடை, முறுக்கு, கறி எல்லாம் வைத்தாயிற்று. எல்லாரும் கூடையையே பார்த்தார்கள்.

புல்லை எடுத்தேன். கம்பளி வெதுவெதுவென்று, ஏதோ உயிருள்ளதைத் தொடுவது போல இருந்தது. பிரித்தேன். பானையைத் தொட்டதும் சுட்டது. அந்தச் சூட்டில் எனக்கு உயிர் வந்தது அம்மா. மாவை உடைத்து மூடியைத் தூக்கினதும் ஆவி என் முகத்தில் அடித்தது. உள்ளே சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், பூவாக நிமிர்ந்து நின்றது.

அத்தை ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து நசுக்கினார். "வெந்திருக்கு" என்றார்.

முதல் அகப்பை உன் இலைக்கு வைத்தேன். அப்பா சூடம் காட்டினார். எல்லாரும் கும்பிட்டோம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நான் பின்னால் போய்க் கம்பளியை எடுத்து முகத்தில் வைத்தேன்.

இல்லை அம்மா. நீ இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் தலை படுகிற மடிப்பில், ஓரத்தில், நடுவில். சோற்று வாசமும் புகையும்தான் இருந்தன. தேங்காய் எண்ணெய் இல்லை, வெற்றிலை இல்லை. இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கஞ்சத்தனம் பண்ணிச் சேர்த்து வைத்தது ஒரு பானைச் சோற்றில் போய்விட்டது. கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். செய்தது சரியா தப்பா என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ இரண்டாவது தடவை போய்விட்டதாகத்தான் இருந்தது.

செவந்தி வந்தாள். அவளுக்கு மழைக் குளிர். கேட்காமலே கம்பளிக்குள் புகுந்து, தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா வாசம்" என்றாள்.

"என்னடி?"

"அக்கா வாசம் வருது." சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் மடியில் இன்னும் சுருண்டுகொண்டாள்.

அம்மா, உன் கம்பளியில் எனக்கு வந்த வாசத்தை நான் உன் வாசம் என்று நினைத்திருந்தேன். நீ சிறுமியாக இருந்தபோது உன் தலையில் வெற்றிலையும் கொழுந்துக் கறையும் இருந்திருக்குமா? அதெல்லாம் எங்களுக்காக மலைக்கும் அடுப்புக்கும் நடந்ததில் உன்மேல் படிந்ததுதானே? நான் வேறு யாரிடம் இதைக் கேட்பேன்?

தலையைத் தூக்கினபோது அத்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளிக்கு வெளியே செவந்தியின் ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் என் பாவாடை முனை.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மொளகா காரம்" என்றார்.

சாப்பாட்டில் அத்தை இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். சாயங்காலம் புறப்படும்போது அந்தக் காலிப் பையை என்னிடம் நீட்டினார். நான் செவந்தியின் துணி இருக்கிற மூலையைப் பார்த்தேன்.

"அங்க என்னா பாக்குறே? முறுக்கப் போடு. வீட்டுல மாமாவுக்குக் கொண்டுபோகணும்ல. வெறும் பையோட போனா நான் எங்க போயிட்டு வந்தேன்னு கேப்பாரு." பிறகு அப்பாவிடம், "சின்னவ இங்கயே இருக்கட்டும் தம்பி. அந்தக் கம்பளிய விட்டு அவ வரமாட்டா" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்றார் அப்பா.

அத்தை மழையில் இறங்கித் தனியாக நடந்து போனார். குடைக்குக் கீழே அந்தப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. அவருக்கு என்ன கொடுக்கலாம் அம்மா? பொங்கலுக்குச் செவந்தியைக் கூட்டிக்கொண்டு நாங்களே ஓப்பநாயக்கவுக்குப் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். நானாக வாய் திறந்து கேட்டேன். அப்பா, போகலாம் என்றார்.

இப்போது கம்பளி பெட்டிக்குள் இல்லை. மலைக்கு நான் போர்த்திக்கொண்டு போகிறேன். இரவில் செவந்தி போர்த்திக்கொள்கிறாள். நேற்று நிரையில் ஒருத்தி, "என்னா காமாச்சி, சோத்துப் பானையத் தலையில கவுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்ட அதே கேள்வி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முகத்தைக் கொழுந்துப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கம்பளியை இனி மடித்து வைக்கமாட்டேன். நைந்து கிழிகிற வரைக்கும் அது இந்த வீட்டில் உழைக்கும். தை பிறந்ததும் செவந்தியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன், நான் விட்ட வகுப்பைத் தாண்டி அவளைப் படிக்க வைப்பேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். நான் ஊதுகிறேன், அவள் சத்தமாகப் படிக்கட்டும். உனக்குப் பிடித்த இடம் வந்தால் இன்னொருக்காப் படிக்கச் சொல் அம்மா. படிப்பாள்.

உன் மூத்தவள்,
செவந்திக்கு அக்கா,
காமாட்சி